அங்கியோடு மேயர் நாற்காலியில்: டிஜோன் நகரின் கிர் பாதிரியாரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாதிரியார் ஒருவர் மேயர் தேர்தலில் நிற்கிறார் என்று எந்த ஊரிலிருந்து செய்தி வந்தாலும் கூடவே இரண்டு முணுமுணுப்புகள் வந்துவிடுகின்றன. "பூசை வைக்கிறவருக்கு எதற்கு இந்த வேலை?" என்பது ஒன்று. "கட்சிக்காரர்களுக்கு இவர் எவ்வளவோ மேல்" என்பது மற்றொன்று. பொத்தாம்பொதுவாகப் பேசினால் இரண்டும் சரியாகத்தான் படும். அதனால் இங்கே ஒரே ஓர் ஆளைப் பிடித்துக்கொள்வோம்: பிரான்சின் டிஜோன் நகரில் 1945 முதல் 1968 வரை மேயராக இருந்த கத்தோலிக்கக் குரு ஃபெலிக்ஸ் கிர்.

யார் இந்தக் கிர்?

1876 ஜனவரி 22 அன்று பர்கண்டிப் பகுதியில் அலீஸ்-சேன்ட்-ரேன் என்ற சிற்றூரில் பிறந்தவர். ஜூலியஸ் சீசரிடம் 'கால்' (Gaul) என்ற பழங்குடி இனத்தாரின் தலைவன் வெர்சிஞ்செடோரிக்ஸ் தோற்ற அலேசியா என்று பிரெஞ்சுப் பாடப்புத்தகங்கள் காட்டுகிற ஊர் அது. தகப்பனார் முடிதிருத்துபவர். 1901இல் குருப்பட்டம் பெற்றார். பிறகு ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் கிராமம் கிராமமாகப் பங்குத்தந்தை வேலை. முதல் உலகப் போரில் படையோடு போய்க் காயம்பட்டவர்களைக் கவனித்தார். 1928இல் டிஜோனுக்கு வந்து, கத்தோலிக்க ஆண்கள் சங்க வேலையிலும் பத்திரிகை எழுத்திலும் இறங்கினார். காரமாக எழுதுவார், மேடையில் அதைவிடக் காரமாகப் பேசுவார்.

அவரை ஊரே 'ஷனுவான் கிர்' என்றுதான் அழைத்தது. ஷனுவான் என்பது பேராலயக் குருக்கள் குழுவினருக்குரிய பட்டம். இவருக்கு அது கௌரவமாகக் கிடைத்தது. 1940 வரை கிர் டிஜோனுக்கு வெளியே அதிகம் பேருக்குத் தெரியாத ஒரு குருதான். அப்போது வயது அறுபத்து நான்கு. நம் ஊர்க் கணக்கில் ஓய்வு பெற்றுத் திண்ணையில் உட்கார்கிற வயது.

அரசையும் மதத்தையும் பிரித்துவைத்த நாடு பிரான்ஸ். அங்கே ஒரு குரு மேயராக முடிந்தது எப்படி?

அந்தப் பிரிவினையைச் செய்த 1905ஆம் ஆண்டுச் சட்டம் என்றதும், குருக்களை அது அரசியலிலிருந்து நிரந்தரமாகத் துரத்திவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சட்டத்தில் உள்ளது வேறு. அதன் 40ஆம் பிரிவு, மதகுருமார் தாங்கள் பணிபுரியும் ஊரின் நகராட்சிக் குழுவுக்குத் தேர்ந்தெடுக்கப்படக் கூடாது என்று தடுத்தது. ஆனால் எட்டு ஆண்டுகளுக்கு மட்டும்! பிரிவினைச் சூடு தணியட்டும், அதுவரை உள்ளூர்ப் பாதிரியார் உள்ளூர் நகராட்சியைக் கைப்பற்ற வேண்டாம் என்ற கணக்கு. 1913க்குப் பிறகு அந்தத் தடை காலாவதியாகிவிட்டது.

நிரந்தரமாக நின்றவை வேறு தடைகள். வழிபாட்டு இடத்தில் அரசியல் கூட்டம் கூடாது. குருக்களுக்கு அரசுச் சம்பளம் கிடையாது (அப்போது ஜெர்மனியிடம் இருந்த அல்சாஸ்-மொசெல் பகுதிக்கு மட்டும் பழைய ஏற்பாடே இன்றுவரை தொடர்கிறது). பிரசங்கத்தில் அரசு அதிகாரியை அவதூறு செய்தால் தண்டனை. பீடத்துக்கும் வாக்குப்பெட்டிக்கும் நடுவில்தான் சட்டம் சுவர் எழுப்பியது. குருவும் ஒரு குடிமகன், அவர் தேர்தலில் நிற்கலாம்.

சட்டம் விட்டாலும் மனசு விட்டதா என்பது வேறு விஷயம். 1900இல் பாரிசை ஒட்டிய கிரெம்ளின்-பிசேத்ர் என்ற ஊரின் மேயர், தன் ஊரில் யாரும் குருக்களின் நீண்ட அங்கியை அணிந்து நடமாடக் கூடாது என்றே உத்தரவு போட்டார். தெருவில் அந்த அங்கியைக் கண்டாலே சிலருக்குப் பற்றிக்கொண்டு வந்த காலத்தில் குருப்பட்டம் வாங்கியவர் கிர். அதே அங்கியோடுதான் பின்னாளில் மேயர் அறையில் உட்கார்ந்தார்.

பாதிரியாரை மக்கள் எதற்காகத் தேர்ந்தெடுத்தார்கள்? பக்தியா?

பக்தியை முதல் காரணமாகச் சொல்ல மாட்டேன். 1940 ஜூன் மாதத்து நாட்களைத்தான் சொல்வேன்.

ஜெர்மன் படை நெருங்கி வந்தபோது டிஜோன் காலியாகத் தொடங்கியது. மேயர் உள்பட நகர நிர்வாகத்தின் பெரும்பகுதி கிளம்பிவிட்டது. ஜூன் 17 அன்று ஜெர்மானியர் நகருக்குள் நுழைந்தார்கள். எஞ்சியிருந்தவர்களைக் கொண்டு அமைத்த தற்காலிகக் குழுவில் கிர் இருந்தார். ரொட்டி, தண்ணீர், அகதிகள், பூட்டிக் கிடந்த கடைகள் என்று தலைக்கு மேல் வேலை. பக்கத்து லோங்விக் முகாமில் பிரெஞ்சுப் போர்க் கைதிகள் அடைபட்டிருந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ 5,000 பேர் தப்ப இவர் உதவினார் என்று சொல்லப்படுகிறது. அதே ஆண்டு ஜெர்மானியர் அவரைப் பிடித்துச் சில வாரங்கள் சிறையில் வைத்தார்கள். 1944 ஜனவரியில் ஜெர்மானியருக்குத் துணைபோன பிரெஞ்சு ஆட்கள் அவருடைய வீட்டுக்கே வந்து சுட்டார்கள். காயத்தோடு பிழைத்து, தலைமறைவாக இருந்து, 1944 செப்டம்பரில் நகரம் விடுதலையானபோது திரும்பி வந்தார்.

கிர் தன் கதையைச் சொல்லத் தயங்குகிறவர் அல்லர். சொல்லச் சொல்லக் கதை கொஞ்சம் வளர்ந்தும் இருக்கும். வரலாற்றாசிரியர்கள் பின்னர் அதைச் சலித்துப் பார்த்தார்கள். எவ்வளவு சலித்தாலும் ஒன்று தங்கிவிடுகிறது: எல்லாரும் போனபோது இவர் ஊரில் இருந்தார். 1945 மே மாதம் மேயரானபோது அவருக்கு 69 வயது.

மேயரை மக்கள் நேரடியாகத்தான் தேர்ந்தெடுக்கிறார்களா?

இல்லை. பிரான்சில் மக்கள் நகராட்சி உறுப்பினர்களுக்கு வாக்களிப்பார்கள், உறுப்பினர்கள் தங்களுக்குள் ஒருவரை மேயராக்குவார்கள். ஆகவே கிருக்குத் தன் பங்கு மக்களின் அபிமானம் மட்டும் போதாது. பூசைக்கு வராதவர்களின் ஆதரவும் வேண்டும். அவர் சுயேச்சைகளும் விவசாயிகள் தரப்பும் சேர்ந்த வலதுசாரி அணியைச் சேர்ந்தவர். ஆனாலும் இடதுசாரிகளோடு சண்டை போட்டபடியே காரியம் சாதிக்கத் தெரிந்தவர்.

மேயர் அலுவலகத்துக்குப் பிரெஞ்சில் 'மேரி' என்று பெயர். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் 2014இல் இடிந்து பிறகு பழைய வடிவிலேயே எழுந்த மேரி கட்டடத்தின் பெயரும் அதுதான். மாதாவின் பெயர் என்று நினைத்திருந்தவர்கள் திருத்திக்கொள்ளலாம். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பெண்களின் வாக்கு அவருக்கு உதவியதா?

எவ்வளவு உதவியது என்று கணக்குப் போட வழியில்லை. ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு பழைய பயம் இருக்கிறது. பெண்களுக்கு வாக்குரிமை தந்தால் பாதிரியார் சொல்கிற பக்கம் ஓட்டு விழும் என்று சொல்லியே, இரண்டு போர்களுக்கும் இடைப்பட்ட காலம் முழுக்க, பிரெஞ்சு மேலவையில் மதச்சார்பின்மை பேசியவர்கள் அந்த உரிமையைத் தடுத்து வைத்திருந்தார்கள். பிரெஞ்சுப் பெண்கள் முதன்முதலாக வாக்களித்தது 1945 ஏப்ரல் 29 அன்று, நகராட்சித் தேர்தலில். அதே தேர்தலில்தான் கிர் டிஜோன் மேயரானார். பயந்தவர்கள் "பார்த்தீர்களா!" என்று சொல்லியிருக்கலாம். ஆண்களும் அந்த வாக்குப்பெட்டியில்தான் ஓட்டுப் போட்டார்கள் என்பதை அவர்களுக்கு யாராவது நினைவுபடுத்தியிருக்க வேண்டும்.

சபை தடுக்கவில்லையா?

அப்போது நடப்பிலிருந்த 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கதவைத் திறந்துபோட்டிருக்கவில்லை. பாராளுமன்றத்துக்கு நிற்க விரும்பும் குரு தன் ஆயரிடமும், தேர்தல் நடக்கும் பகுதியின் ஆயரிடமும் அனுமதி வாங்க வேண்டும். சாவி ஆயரின் இடுப்பில் இருந்தது. திறப்பதும் பூட்டுவதும் அந்தந்த ஆயரைப் பொறுத்தது.

பூட்டிய கதை ஒன்று கிருக்கு முன்பே உண்டு. வடக்கே ஆஸ்புரூக் நகரில் லெமீர் என்ற குரு 1893இல் பாராளுமன்ற உறுப்பினரானார். அந்த டிசம்பரிலேயே அவைக்குள், அரசே வேண்டாம் என்கிற அனார்க்கிஸ்ட் ஒருவன் வீசிய குண்டில் காயம்பட்டார். தொழிலாளிக் குடும்பங்களுக்கு ஆளுக்கொரு துண்டுத் தோட்டம் வேண்டும் என்று 1896இல் இயக்கம் தொடங்கினார். குடியரசோடு சபை ஒத்துப்போக வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. இனி தேர்தலில் நிற்காதே என்று ஆயர் சொல்ல, இவர் மீற, 1914இல் அவருடைய குருத்துவப் பணி நிறுத்திவைக்கப்பட்டது. பூசை வைக்கக் கூடாது! ஊர்மக்களோ அதே ஆண்டு அவரைப் பாராளுமன்றத்துக்கும் அனுப்பினார்கள், மேயர் நாற்காலியிலும் உட்கார வைத்தார்கள். 1916இல் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் தடையை நீக்கினார். லெமீர் 1928இல் இறக்கும்வரை மேயர்தான்.

கிருக்கு அந்தச் சோதனை வரவில்லை. வேறொரு சோதனை வந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

மேயராக என்னதான் செய்தார்?

போரில் அடிபட்ட நகரத்துக்குத் தேவையான வீடு, சாலை, குழாய் எல்லாம் செய்தார். அவர் பெயரை இன்றும் சொல்வது ஓர் ஏரி. ஊஷ் ஆற்றைத் தடுத்து நகரின் மேற்கோரத்தில் ஏரி வெட்ட வேண்டும் என்று பல ஆண்டுகள் விடாமல் கேட்டு, 1964இல் திறந்தும் வைத்தார். ஏறத்தாழ 37 ஹெக்டேர். அப்போது அவருக்கு 88 வயது.

இன்னொன்று, அயல்நாட்டு நகரங்களோடு டிஜோனைச் சகோதர நகரமாக இணைத்தது. இங்கிலாந்தின் யார்க், அமெரிக்காவின் டல்லஸ், ஜெர்மனியின் மைன்ஸ் என்று பட்டியல் நீண்டது. தன்னைச் சிறையிலடைத்த நாட்டின் நகரத்தோடும் கைகுலுக்கியதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும்.

மேயர்தான் பதிவுத் திருமணம் செய்துவைக்க வேண்டுமாமே?

ஆமாம். வேடிக்கையான இடம் இது. பிரான்சில் மேயர் முன்னிலையில் நடக்கும் திருமணம்தான் சட்டப்படி செல்லும், கோவில் திருமணம் அதற்குப் பிறகுதான். வரிசையை மாற்றுவதை வழக்கமாக வைத்திருக்கும் குருவுக்குத் தண்டனைகூட உண்டு. ஆக, குருவாக எந்தச் சடங்குக்குக் காத்திருக்க வேண்டுமோ, அந்தச் சடங்கை நடத்தும் அதிகாரமே மேயராக கிரின் கையில் இருந்தது. 1905க்கு முன் கட்டிய பங்குக் கோவில்களும் சட்டப்படி நகராட்சியின் சொத்து. கோவில் கூரை ஒழுகினால் பங்குத்தந்தை விண்ணப்பம் எழுத வேண்டியது மேயருக்கு. டிஜோனில் அந்த விண்ணப்பம் ஒரு குருவிடமிருந்து இன்னொரு குருவுக்குப் போயிருக்கும்.

சபையின் கட்டளையும் நகரத்தின் கடமையும் எப்போதாவது மோதினவா?

மோதின, உலகமே பார்க்க. 1960 மார்ச்சில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் பிரான்சுக்கு வந்தார். பயணத்தில் டிஜோனும் இருந்தது. நாத்திக அரசின் தலைவரைக் குரு ஒருவர் வரவேற்கும் காட்சியை நினைத்தே பத்திரிகைகள் நாக்கைச் சப்புக்கொட்டின. கிருக்கு அதில் தயக்கமே இல்லை. ஸ்டாலின்கிராடோடு (இன்றைய வோல்கோகிராட்) டிஜோனை இணைக்க முன்னின்றவரே அவர்தான். ஜெர்மானியரை அந்த நகரம் தடுத்து நிறுத்தியதை 1944இல் சுடப்பட்ட மனிதர் மறப்பாரா?

டிஜோன் ஆயர் கூடாது என்றார். கிழக்கு ஐரோப்பாவில் குருக்கள் சிறையில் இருக்கும்போது அங்கியணிந்த ஒருவர் குருஷ்சேவோடு கைகுலுக்குவது தகாது என்பது அவர் தரப்பு. அதையும் எளிதாகத் தள்ளிவிட முடியாது. கிர் முரண்டு பிடித்துப் பார்த்தார். கடைசியில் அந்த நாளில் அவர் நகரத்திலேயே இல்லாதபடி பார்த்துக்கொண்டார்கள். குருஷ்சேவ் வந்தார், மேயர் இல்லாத மேரியில் வரவேற்பு நடந்தது, வராத மேயரைப் புகழ்ந்துவிட்டுப் போனார்.

என்னைக் கேட்டால், பாதிரியார் மேயராகலாமா என்ற முழு விவகாரமும் இந்த ஒரு நாளுக்குள் அடங்கியிருக்கிறது. அவர் பக்தி பரப்புவார், ஒரு மதத்தாருக்கே சலுகை தருவார் என்பதெல்லாம் நாம் வழக்கமாகப் பயப்படுகிறவை. கிரின் விஷயத்தில் சிக்கல் அங்கே முளைக்கவில்லை. வாக்காளரைத் தவிர இன்னொரு மேலாளர் அவருக்கு இருந்தார். அந்த மேலாளரை டிஜோன் மக்கள் தேர்ந்தெடுக்கவும் இல்லை, மாற்றவும் முடியாது. 1945இல் வாக்குச்சீட்டைப் போட்டபோது ஆயரின் பெயர் அதில் இருக்கவில்லை.

கட்சி மேலிடத்துக்குக் கட்டுப்பட்ட மேயர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். ஆனால் கட்சியை விட்டு விலகினால் போவது பதவி மட்டும். ஆயரை மீறியிருந்தால் கிர் இழந்திருக்கக்கூடியது அறுபது ஆண்டு வாழ்க்கை.

பாராளுமன்றத்திலும் இருந்தாரா?

1945 முதல் 1967 வரை. வயதில் மூத்தவர் என்பதால் 1958 டிசம்பரில், பிரான்சின் இன்றைய ஆட்சியமைப்பான ஐந்தாம் குடியரசின் முதல் பாராளுமன்றக் கூட்டத்தைத் தலைமை தாங்கித் தொடக்கிவைத்தார். அங்கேயும் அங்கிதான். "கண்ணால் காணாத கடவுளை எப்படி நம்புகிறீர்?" என்று ஒருவர் சீண்டியதற்கு, "என் பின்பக்கத்தைக்கூடத்தான் நீர் கண்டதில்லை, ஆனாலும் அது இருக்கிறதே" என்று திருப்பியடித்ததாக ஒரு கதை பிரான்சில் இன்னும் உலவுகிறது. இதைவிடக் கொச்சையான சொல்லில்தான் சொல்வார்கள்.

இன்று ஒரு கத்தோலிக்கக் குரு மேயர் தேர்தலில் நிற்கலாமா?

நாட்டுச் சட்டம் பல இடங்களில் விடும். சபை விடாது. 1983இல் வந்த புதிய திருச்சபைச் சட்டத்தின் 285ஆம் பிரிவு, ஆட்சியதிகாரத்தில் பங்கு தரும் பொதுப் பதவிகளைக் குருக்கள் ஏற்கக் கூடாது என்று நேராகவே சொல்கிறது. 287ஆம் பிரிவு கட்சிகளில் முனைப்பாக ஈடுபடுவதைத் தடுக்கிறது. சபையின் உரிமையையோ பொதுநலனையோ காக்கத் தேவை என்று திருச்சபை அதிகாரி கருதினால் மட்டும் அதற்கு விலக்கு. சட்டம் வருமுன்பே காற்று மாறிவிட்டது: அமெரிக்கக் காங்கிரஸில் பத்தாண்டுகள் இருந்த இயேசு சபைக் குரு ராபர்ட் டிரைனன், 1980இல் ரோமிலிருந்து ஆணை வந்ததும் மறுபடி போட்டியிடாமல் விலகினார்.

ஒரு சந்து மட்டும் உண்டு. குருக்களுக்கு அடுத்த படியில் இருப்பவர்களும், மணமானவர்களும் ஆகக்கூடியவர்களுமான நிரந்தரத் திருத்தொண்டர்களை 288ஆம் பிரிவு இந்தத் தடைகளிலிருந்து பொதுவாக விடுவிக்கிறது.

மீறி நின்றால்?

பராகுவேயில் ஆயராக இருந்த பெர்னாண்டோ லூகோ குருத்துவத்திலிருந்து விடுவிக்கும்படி கேட்டார். ரோம் மறுத்துப் பணி நிறுத்தம் செய்தது. 2008இல் அவர் அதிபர் தேர்தலில் வென்ற பிறகு வேறு வழியின்றி விடுவித்தது. பிலிப்பைன்ஸின் பம்பாங்கா மாகாணத்தில் எட் பன்லிலியோ என்ற குரு 2007இல் ஆளுநர் தேர்தலில் நின்று வென்றார். அவருடைய குருத்துவப் பணியும் நிறுத்திவைக்கப்பட்டது. வெற்றியும் தண்டனையும் ஒரே நேரத்தில் வருகின்றன.

புராட்டஸ்டண்ட் போதகர்களுக்கும் இதே கதிதானா?

அவர்கள் நிலைமை வேறு. பெரும்பாலும் தடுக்க ஒரு ரோம் இல்லை. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்துக் கேன்சஸ் சிட்டியில் மெதடிஸ்ட் போதகர் இமானுவேல் கிளீவர் 1991 முதல் 1999 வரை மேயர். அந்த நகரத்தின் முதல் கறுப்பின மேயரும் அவரே. மேயராக இருந்தபோதும் தன் சபையின் போதகராகத் தொடர்ந்தார், பிறகு காங்கிரஸுக்கும் போனார். அங்கே தடை அரசின் பக்கமிருந்து வந்த காலம் உண்டு. டென்னசி மாநிலம் போதகர்கள் சட்டமன்றத்துக்கு நிற்பதை 1796 முதல் தடுத்துவைத்திருந்தது. சாட்டனூகா நகரத்துப் பாப்டிஸ்ட் போதகர் ஒருவரின் வழக்கில் 1978இல் உச்ச நீதிமன்றம்தான் அதை உடைத்தது.

கிர் எப்போது ஓய்வு பெற்றார்?

பெறவில்லை. 1968 ஏப்ரல் 25 அன்று 92 வயதில் மேயராகவே இறந்தார். கடைசிச் சில ஆண்டுகளில் நகரம் அவரைவிட வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. 1965இலேயே விட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

'கிர்' என்ற பானம் இவர் பெயரா?

இவர் பெயரேதான். பர்கண்டியின் அலிகோத்தே வெள்ளை ஒயினில் காசிஸ் என்ற கருங்கனியின் இனிப்பு மதுவைக் கொஞ்சம் ஊற்றினால் அந்தப் பானம். மேரிக்கு யார் வந்தாலும் இவர் அதைத்தான் கொடுத்து உபசரித்தார். இரண்டும் உள்ளூர்ச் சரக்கு, விற்பனைக்கு விளம்பரமும் ஆயிற்று. 1951இல் தன் பெயரைப் பயன்படுத்திக்கொள்ள லெஜே-லகூத் என்ற டிஜோன் காசிஸ் நிறுவனத்துக்கு எழுதிக்கொடுத்தார். பிறகு மற்ற தயாரிப்பாளர்களுக்கும் தாராளமாகச் சரி என்றுவிட்டார். அந்தத் தாராளம் நீதிமன்றம்வரை போய், அவர் இறந்து இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1992இல்தான் முதலில் வாங்கிய நிறுவனத்துக்கே பெயர் சொந்தம் என்று தீர்ந்தது.

அந்தப் பானத்தை மேரியில் பரிமாறியதில் இவர் முதல்வரும் அல்லர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் டிஜோன் மேயராக இருந்த ஆன்ரி பாராபான் விருந்தினருக்கு அதையே கொடுத்தார் என்று ஊரில் சொல்வார்கள். பாராபான் ஒரு சோஷலிஸ்ட். பெயர் மட்டும் பாதிரியாருக்குப் போய்விட்டது.